பட்டமும் அபாயாவும் ஒரே பஸ்ஸில் வந்தன

கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது எழுத வந்தால் அநேகமாக இரண்டு படங்களில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். கறுப்பு அபாயாவும் முகத்திரையுமாக ஒழுங்கையில் தலை குனிந்து போகிற பெண் ஒன்று. பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண் மற்றது, அதற்குக் கீழே தடைகளைத் தாண்டிச் சாதித்தவர் என்று ஒரு வரியும் இருக்கும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ கொஞ்ச நாள் இருந்து பார்த்தால் தெரியும், இரண்டு படத்திலும் இருப்பது ஒரே ஆள். காலையில் அபாயாவோடு பஸ் ஏறி ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள்தான் மூன்று நாலு வருடத்தில் அந்த அங்கியைப் போடுகிறாள். இதில் ஏதோ முரண்பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்தப் பக்கத்தில் கடந்த நாற்பது வருடத்தில் நடந்தது எதுவும் விளங்காது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி பொத்துவிலில் கரைக்கு வந்து, அப்புறம் கடலோரமாகவே வடக்கே ஏறி அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று போய் மட்டக்களப்பில் முடிகிறது. ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர், திரும்பவும் ஒரு முஸ்லிம் ஊர். 1961 வரை எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம்தான், அந்த வருடம்தான் அம்பாறை தனியாகப் பிரிந்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பாறையில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், மட்டக்களப்பில் சுமார் 25 வீதம். பேச்சு, எழுத்து, படிப்பு எல்லாம் தமிழில்.

பெண் பிள்ளைகளைப் படிக்க விடுகிறார்களா என்ற கேள்வி இந்த ஊர்களில் பழசாகிப் போனது. பரீட்சைப் பெறுபேறு வந்தால் பாடசாலை வாசலில் தொங்குகிற பதாகைகளைப் பார்த்தாலே போதும், முகங்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளின் பர்தாதான். நாடு முழுக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்களில் 60 வீதத்துக்கு மேல் பெண்கள், ஒலுவிலிலும் அவர்கள்தான் அதிகம். பெடியன்மார் ஓ.எல். என்ற சாதாரண தரம் முடிந்ததும் கடையில் நிற்கிறார்கள், கட்டாருக்குப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் இதே நாட்டில் வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிற பெண்கள் வருடக்கணக்காக மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறார்கள், ஆண்களில் அது 70 வீதம் அளவில். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? படிப்பு பெண்ணுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது? அதைப் பேசுவதற்கு வீட்டில் இருந்து தொடங்க வேண்டும், அதுவும் நிஜமாகவே செங்கல்லும் சீமெந்துமான வீட்டில் இருந்து.

கிழக்கில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான ஒரு பழைய ஏற்பாடு குடி முறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும், ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கும். மூத்த மகளுக்குக் கல்யாணமானதும் உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளவில் பின்னுக்கு ஒரு சின்ன வீட்டுக்கோ பக்கத்துக் காணிக்கோ போவார்கள், அடுத்தவளுக்கு இன்னொரு வீடு. அக்கரைப்பற்றில் பல வருடம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். வட இந்தியாவிலோ அரபு நாட்டிலோ உள்ள முஸ்லிம் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். புருஷனோடு சண்டை வந்தால் இங்கே வெளியேறுவது புருஷன்.

ஆனால் கொண்டாடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடி பெண் வழியாக வருகிறது, பள்ளிவாசலில் குடியின் சார்பில் உட்கார்கிற மரைக்கார் எப்போதும் ஆண். வீடு அவளுடையது, அந்த வீட்டுக்கு யார் வருவது என்று பேசி முடிப்பது மாமாவும் வாப்பாவும் காக்கா என்கிற அண்ணனும். சொத்து கையில் இருக்கிறது, சொல் கையில் இல்லை. படிப்பு இந்த ஊர்களுக்கு வந்தபோது இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து விழுந்தது, பிறகு நடந்த அநேக விஷயம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

பழைய காலத்துப் பெண்கள் எழுத்தே தெரியாமல் இருந்தார்கள் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஓதப் பள்ளிக்கூடத்தில் குர்ஆன் ஓதப் படித்த பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும், அந்த எழுத்தில் அச்சான அறபுத்தமிழ்ப் புத்தகங்களை வாசிக்கவும் தெரியும். வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த பெண்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத மூத்தம்மா, மார்க்க விஷயத்தில் நாலு பக்கம் கடகடவென்று வாசிப்பார். நாலு வரிக் கவி கட்டுகிறதும், கல்யாண வீட்டில் குரவை போடுகிறதும் அவர்களின் கலைதான். பிறகு வந்த சீர்திருத்தக்காரர்கள் இவற்றில் பலதை அநாச்சாரம் என்று ஒதுக்கினார்கள், அதை இன்னொரு நாள் பேசலாம்.

பள்ளிக்கூடப் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் பெரிய உந்துதல் 1940களில்தான். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். போர்க்காலம், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்குத்தான் அனுப்பினார்கள். அவர் நெல்லைப் பார்த்ததோடு பிள்ளைகளையும் பார்த்தார், கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அந்த வருடமே தொடங்கியது. 1945இல் அகில இலங்கை அளவில் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை அமைத்ததும் அவர்தான். அதே வருடம் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இவை எல்லாம் நல்லதுதான், ஆனால் முதல் இருபது முப்பது வருடம் பலன் போனது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளை ஐந்தாம் ஆறாம் வகுப்பு வரை போவாள், பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் நிற்கும். காரணம் கேட்டால் மூன்று சொல்வார்கள்: கலவன் பாடசாலை, ஆண் வாத்தியார், தூரம்.

இந்த மூன்றையும் யாரும் மேடையில் நின்று வாதாடி வெல்லவில்லை. அவற்றுக்கு உள்ளேயே வழி கண்டுபிடித்தார்கள். பெண்களுக்குத் தனிப் பாடசாலை கட்டினால் முதல் காரணம் போயிற்று. காத்தான்குடியில் மீரா பாலிகா, கல்முனையில் மஹ்மூத் பாலிகா என்று பெண்கள் பாடசாலைகள் வந்தன. கல்முனைப் பாடசாலையின் பெயர் 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதுடையது. அவர் காலத்தில் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருமளவில் நடந்தன. பெண்கள் பாடசாலைக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், ஆசிரியை உத்தியோகம் வீட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகளோடு, பகல் இரண்டு மணிக்கு முடிகிற வேலை, முஸ்லிம் பாடசாலை என்றால் நோன்பு மாதத்தில் விடுமுறையும் உண்டு. ஆக அந்த வேலைக்குப் போவதற்காகவே பெண் பிள்ளைகளை ஏ.எல். என்ற உயர்தரம் வரை படிப்பித்தார்கள். டாக்டர் விஷயத்திலும் இதே கதை. பிரசவத்துக்கு ஆண் டாக்டரிடம் போகத் தயங்குகிற ஊர், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கத்தானே செய்யும், அப்படிக் கேட்கிற ஊர் தன் மகளை உயிரியல் படிக்க அனுப்பாமல் இருக்க முடியாது. ஆணும் பெண்ணும் கலக்கக்கூடாது என்ற கண்டிப்பே பெண்களுக்கு வேலைவாய்ப்பைத் திறந்துவிட்டது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் பிடிப்பதில்லை. கண்டிப்பைப் போற்றுகிறவர்கள் தாங்கள் அதற்காகச் செய்யவில்லை என்பார்கள், எதிர்க்கிறவர்கள் இது ஒரு வெற்றியா என்பார்கள்.

மூன்றாவது காரணமான தூரத்தைத் தீர்த்தது, எழுதவே கஷ்டமாக இருக்கிறது, யுத்தம்.

1980களின் நடுப்பகுதிவரை காத்தான்குடி, ஏறாவூர்ப் பிள்ளைகளில் வசதியுள்ள சிலர் மட்டக்களப்பு நகரத்துப் பெண்கள் பாடசாலைகளுக்குப் போய்ப் படித்தார்கள். தமிழ் ஆசிரியர்கள் முஸ்லிம் ஊர்களில் வந்து கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தார்கள். 1985இல் காரைதீவுப் பக்கம் வந்த தமிழ்-முஸ்லிம் கலவரத்தோடு அது ஆட்டங்கண்டது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள், அடுத்த கிழமை ஏறாவூரிலும் அதே மாதிரி. முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததும் அந்த மாதங்களில்தான். அதற்குப் பிறகு ஏ4 வீதியில் அடுத்த ஊரைத் தாண்டிப் போவதே உயிர்ப் பயம் என்றானது. ஆசிரியர்கள் வரவில்லை, பிள்ளைகள் போகவில்லை. வந்தாறுமூலையில் இருந்த கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

அந்த நெருக்கடியில்தான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது, பிறகு ஒலுவிலில் நிலைகொண்டது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவரும் அமைச்சருமாக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் அரசியல் பலம் இல்லாமல் அது அந்த இடத்தில் வந்திருக்காது. முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில், தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த இடத்தில் ஒரு பல்கலைக்கழகம். நிந்தவூர் வாப்பா ஒருவருக்கு மகளைப் பேராதனைக்கு அனுப்புவது பெரிய விஷயம், ஒலுவிலுக்கு அனுப்புவது பக்கத்து ஊருக்கு அனுப்புவது. காலையில் போனால் பின்னேர அஸர் தொழுகைக்கு வந்துவிடுவாள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக என்ற கணக்கு. அம்பாறையும் மட்டக்களப்பும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அதுவும் கை கொடுத்தது. ஒரு தலைமுறைக்குள் பட்டதாரிப் பெண் இல்லாத குடும்பமே குறைந்துபோனது.

அபாயா ஊரெங்கும் பரவியதும் ஏறக்குறைய இதே காலம். அதற்கு முன் சேலைத் தலைப்பை முக்காடு போடுவதுதான் உடுப்பு. 1980களில் சவூதி, குவைத் போய் வந்தவர்கள் அபாயாவைக் கொண்டு வந்தார்கள், தப்லீக், ஜமாஅத்தே இஸ்லாமி, தவ்ஹீத் இயக்கங்கள் அதற்கு மார்க்க விளக்கம் கொடுத்தன, யுத்தம் ஒவ்வொரு சமூகமும் தன் அடையாளத்தை இறுக்கிப் பிடிக்க வைத்தது. எல்லாம் சரி. ஆனால் பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னொரு காரணமும் இருக்கிறது. பஸ்ஸில், விடுதியில், ஆண்களோடு சேர்ந்த விரிவுரை மண்டபத்தில் மகள் இருக்கப்போகிறாள் என்று ஊர் வாய் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அந்த வாயை அடைத்தது அபாயாதான். போட்டுக்கொண்டால் போகலாம். விருப்பத்தோடு போட்டவர்கள் ஏராளம், பேரம் பேசிப் போட்டவர்களும் உண்டு, போட மறுத்துப் பேச்சு வாங்கியவர்களும் உண்டு. கறுப்புத் துணியை வைத்துப் பெண்களின் நிலைமையை அளக்கிற ஆட்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான்: அந்தத் துணி நீளமாகிக்கொண்டு போன அதே வருடங்களில் படிப்பும் நீண்டது, கல்யாண வயதும் ஏறியது, பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

படித்த பெண் கல்யாணச் சந்தைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பது அடுத்தது. சந்தை என்ற சொல் கரடுமுரடாக இருக்கலாம், மன்னிக்கவும், வேறு சொல் சரிவரவில்லை. வீடு கட்டாயம். அது இப்போது மேல்மாடியோடு, தளபாடத்தோடு, டைல்ஸ் போட்டு. அதற்கு மேல் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற காசான கைக்கூலி, நகை. மார்க்கப்படி ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பெரும்பாலும் பெயருக்கு ஒரு தொகை. பெண் நியமனம் கிடைத்த ஆசிரியை என்றால் கைக்கூலியில் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது பொதுப் பேச்சு, வீட்டில் மட்டும் இறங்குவதில்லை. ஆக பட்டமும் சம்பளமும் சீதனத்தை ஒழிக்கவில்லை, சீதனப் பட்டியலில் புதிதாக இரண்டு வரியாகச் சேர்ந்துகொண்டன. தங்கச்சிக்கு வீடு கட்டி முடியும்வரை தான் கல்யாணம் முடிக்காமல் கட்டாரில் நிற்கிற காக்காமார் எத்தனையோ பேர். இன்று தன் வீட்டுக்கான கல்லையும் கம்பியையும் தன் சம்பளக் கடனிலேயே எடுக்கிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

சீர்திருத்த இயக்கங்கள் சீதனத்தை ஹராம் என்று பள்ளிவாசல் மிம்பரில் நின்று சொன்னார்கள், அதை மறுக்கக்கூடாது. மஹர் கொடுத்து மட்டும் கல்யாணம் முடித்த இளைஞர்களும் உண்டு. ஆனாலும் உடுப்பை மாற்றச் சொன்னபோது கேட்ட ஊர் சீதன வீட்டை விடச் சொன்னபோது காது கேளாத மாதிரி இருந்துவிட்டது. எனக்கு இதில் இரண்டு மனம். வாப்பாவின் முதுகெலும்பை முறிக்கிற வழக்கம் போக வேண்டியதுதான். ஆனால் அந்த வீடு போனால் பெண்ணின் பெயரில் இருக்கிற ஒரே சொத்தும் போகும், அதற்குப் பதிலாக வாரிசுரிமையில் அவளுக்கு மார்க்கம் சொல்லும் பங்கை ஒழுங்காகப் பிரித்துக் கொடுப்பார்களா என்று கேட்டால் யாரும் உறுதி சொல்வதில்லை.

வீட்டு உறுதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சுனாமி காட்டியது. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரை சிதைந்து போனது. அப்புறம் வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டுப் படிவம் நிரப்பினார்கள். குடும்பத் தலைவர் என்றால் ஆண். தன் உம்மா கொடுத்த வீட்டைக் கடலில் இழந்த பெண்ணுக்குப் பதிலாகப் புருஷன் பெயரில் புது வீடு வந்தது. மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. அரசாங்கத்துக்கு இது புதுப் பழக்கம் இல்லை. அரச காணி அனுமதிப்பத்திரம் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வாரிசாக இறங்கும்போது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை, அதைச் சமமாக்கித் திருத்தியது 2022இல்தான். மரபு பெண்ணுக்குக் கொடுத்ததை நவீன அரசாங்கம் பிடுங்கிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும், மாற்றம் என்றாலே முன்னேற்றம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது ஏ.எல். வரை போக முடிந்த வீட்டின் கதை. வாப்பா கூலி வேலை, மீன் வேலை, நாலு பெண் பிள்ளைகள் என்ற வீட்டில் கதை வேறு. அங்கே வீட்டைக் கட்ட வழி வெளிநாடு, போனவர் பெரும்பாலும் உம்மா, சில நேரம் மகளே. திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது வயது 17, பாஸ்போட்டில் அதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். 2013 ஜனவரி 9இல் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வருடமே சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்திக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றை அரசாங்கம் கொண்டு வந்தது. கட்டுப்பாடு பெண்ணுக்கு, ஊரில் இருந்த வறுமைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காசில் படித்து ஒலுவில் வரை வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், உம்மா இல்லாத வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்க்கப் படிப்பை விட்ட மூத்த மகள்களும் இருக்கிறார்கள், பல வீடுகளில் இரண்டும் ஒரே வீட்டில்.

சட்டத்துக்கு வருவோம், இங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. இலங்கையில் மற்றவர்களுக்குத் திருமண வயது 1995 முதல் 18. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதில் குறைந்த வயது என்று ஒன்று இல்லை, 12 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கிற காதியின் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. பாடசாலைக் கல்வி 16 வயது வரை கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. ஒரு சட்டம் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் இரு என்கிறது, மற்றது கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் இருக்கலாம் என்கிறது. அந்தப் பதிவில் கையெழுத்துப் போடுவது மாப்பிள்ளையும் வலி எனப்படும் பெண்ணின் ஆண் பாதுகாவலரும், பெண்ணின் கையெழுத்து தேவை என்று சட்டம் கேட்கவில்லை. முதுகலைப் பட்டம் எடுத்த பெண்ணுக்கும் அப்படித்தான். காதியாக நியமிக்கப்படக் கூடியவர் தகைமையும் நல்ல பெயரும் உள்ள முஸ்லிம் ஆண் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராகவும் முடியாது. கல்முனையில் ஒரு பெண் சட்டத்தரணி மாவட்ட நீதிமன்றத்தில் எல்லோருக்காகவும் வாதாடலாம், தன் சொந்தத் தங்கச்சி விவாகரத்துக் கேட்கிற பைஸஹ் வழக்கில் பக்கத்தில் நின்று பேசக்கூட முடியாது. புருஷன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை, மனைவி விலகக் கேட்டால் காரணமும் சாட்சியும் வேண்டும்.

இதைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. 2021இல் அமைச்சரவை வயது 18 என்று முடிவெடுத்தது, சட்டமாவது மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது. இந்த இழுபறியில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், திருத்தம் கேட்டு அதிகமாகப் பேசியவர்கள் காதி நீதிமன்றப் படியேறிய பெண்களும் அவர்களோடு வேலை செய்த படித்த முஸ்லிம் பெண்களும்தான், குர்ஆனையும் மத்ஹபு எனப்படும் மார்க்கச் சட்டப் பிரிவுகளின் சட்டத்தையும் எடுத்து வைத்துத்தான் பேசினார்கள். பெண்கள் அரபுக் கல்லூரிகளில் மௌலவியாப் படிப்பு முடிக்கிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வசனத்தை மூலத்தில் வாசிக்கத் தெரிந்தவளிடம் மார்க்கத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் தப்புவது கஷ்டம்.

பேசுவதற்கு விலையும் உண்டு. ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் ஒரு நேர்காணலில் பாலியல் தொழில் பற்றிச் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டார், ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அவர் சொன்னதை ஏற்காமல் இருக்கலாம், ஏற்காதவர்கள் எழுதியிருக்கலாம், மிரட்டினார்கள். சாய்ந்தமருதிலிருந்து புனைபெயரில் எழுதத் தொடங்கிய அனார் தமிழ்க் கவிதையில் தனக்கென்று ஓர் இடம் எடுத்துக்கொண்டதும் இதே மண்ணில்தான். அரசியலில் 2000இல் அஷ்ரப் விபத்தில் இறந்த பிறகு அவர் மனைவி பேரியல் அஷ்ரப் அம்பாறையில் நின்று வென்று அமைச்சரானார், ஆண்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தலைவரின் மனைவி என்பது ஒரு கதவு, எல்லோருக்கும் திறக்காது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத் திருத்தம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் சாதாரண வீட்டுப் பெண்கள் பட்டியலில் வந்தார்கள். சிலருடைய பெயர் பட்டியலில், பேச்சு புருஷனுடையது. சிலர் வடிகாலும் தெருவிளக்கும் பற்றிச் சபையில் விடாமல் கேட்டார்கள்.

அப்புறம் 2019. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் சூத்திரதாரி காத்தான்குடிக்காரன், 26ஆம் திகதி அவனுடைய ஆட்கள் இருந்த வீடு சாய்ந்தமருதில் வெடித்தது, 29ஆம் திகதி முகத்தை மூடுவதற்கு அவசரகால விதியில் தடை வந்தது. அதன் பாரத்தைத் தெருவில் சுமந்தது பெண்கள், ஏனென்றால் பார்த்ததும் தெரிகிறவர்கள் அவர்கள்தான். வேறு சமூகத்துப் பாடசாலைகளுக்கு மாற்றலாகிப் போகிற ஆசிரியை அபாயாவா சேலையா என்ற சண்டை அதற்கு முந்தின வருடமே திருகோணமலையில் தொடங்கியிருந்தது. மகளைத் தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் துணிந்துகொண்டிருந்த வீடுகள் மீண்டும் ஒலுவிலே போதும் என்றன. பயத்தில் சொன்னதுதான், ஆனால் ஒலுவிலில் அதிக இடமுள்ள கலை, முகாமைத்துவம், இஸ்லாமிய கற்கைகள் ஆகிய பாடங்களோடு பிள்ளை வெளியே வரும்போது அவளுக்கு முன்னால் இருப்பது அரச நியமனம் என்ற ஒரே வரிசை. ஆசிரியை, அபிவிருத்தி உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர். நியமனம் வராத வருடங்களில் வீட்டில் டியூஷன், கேக், தையல், அபாயா விற்கிற பேஸ்புக் பக்கம். தனியார் துறையில் இந்த ஊர்களில் பெரிய வேலையிடம் இல்லை, கொழும்பில் இருக்கிறது, கொழும்பில் தனியாக இருக்க விடுகிற வீடுகள் குறைவு. தொழிற்படைக் கணக்கில் காணாமல் போகிற பெண்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள்.

வேலை கிடைத்தவர்கள் வேலையில் நிலைக்க முடிந்ததற்கும் காரணம் அந்தப் பழைய வீடுதான். கல்யாணமான ஆசிரியை காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் போக முடிகிறது என்றால் பிள்ளையைப் பார்க்கப் பின்வளவில் உம்மா இருக்கிறார், பக்கத்து வீட்டில் ராத்தா என்கிற அக்கா இருக்கிறார். மாமியார் வீட்டுக்குப் போகிற முறையாக இருந்தால் இந்த அளவுக்கு நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இப்போது வளவு முடிந்துவிட்டது. மூத்தவளுக்கு முன்வீடு, இரண்டாமவளுக்கு மேல்மாடி, மூன்றாமவளுக்குக் காணி வேறு எங்காவது வயல் நிரப்பிய பக்கத்தில், உம்மாவின் வீட்டில் இருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில். அங்கே பகல் பராமரிப்பு நிலையம் என்று ஒன்று இல்லை. மூன்றாமவளும் பட்டதாரிதான், பிள்ளை பிறந்ததும் அவள் முதலில் கேட்பது சம்பளமில்லாத லீவு.